இரண்டும் ஒண்ணா இழுக்கணும்

1

ராபர்ட் பிர்சிக்கின் நாவலுக்குள் தென்னிந்தியா ஒரு குரங்கின் வழியாக நுழைகிறது. தேங்காயைக் குடைந்து உள்ளே அரிசி போட்டு, சங்கிலியால் ஒரு முளையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். குரங்கு கையை விட்டு அரிசியை அள்ளுகிறது. விரித்த கை நுழைந்த துளை வழியாக மூடிய கை வெளியே வராது. கையைத் திறந்தால் போதும், தப்பிவிடலாம். ஆனால் அரிசிக்குத் தான் கொடுத்துவிட்ட மதிப்பை மாற்றிப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, கோளாறு இங்கேதான் என்று ஒரே இடத்தைக் கட்டிக்கொண்டு அழும் மெக்கானிக்குக்கு பிர்சிக் சொல்லும் உவமை இது. நல்ல உவமைதான். நள்ளிரவு தாண்டியும் தப்பான ஃபைலிலேயே பிழையைத் தேடிக்கொண்டிருக்கும் புரோகிராமர் எவருக்கும் அந்தக் குரங்கு சொந்தக்காரன் மாதிரி.

‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ 1974-ல் வந்தது. 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு அச்சேறியது. 1968-ல் பிர்சிக் தன் மகன் கிறிஸைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு மினியாபோலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை போன பயணம்தான் அதன் எலும்புக்கூடு. அந்த ஹோண்டா சிபி77 இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு நாவல் எழுதப்பட்ட பேனாவைக் காட்சிக்கு வைப்பதுண்டு. ஒரு நாவலுக்குள் ஓடிய வண்டியை வைத்திருப்பதிலிருந்தே இந்தப் புத்தகத்துக்கு எந்த மாதிரி பக்தர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த பக்தர்களில் ஒரு பெரிய கிளை நம் ஓஎம்ஆரில் இருக்கிறது. வாரம் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு விடியும் முன் ஈசிஆரில் வண்டியை விடுபவர்கள். மரக்காணம் உப்பளம் அவர்களுக்கு ஒரு நிறுத்தம். வெள்ளை அம்பாரத்துக்கு முன்னால் வண்டியைச் சாய்த்து ஒரு படம். மேசையில் பிர்சிக், கூடவே 2009-ல் வந்த மாத்யூ கிராஃபோர்டின் ‘ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்’. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, ஆய்வு நிறுவன வேலையை உதறி, ரிச்மண்டில் பைக் ரிப்பேர் கடை போட்டவர் கிராஃபோர்ட். இரண்டு புத்தகங்களிலிருந்தும் நம் ஆட்கள் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: உன் வண்டியை நீயே சரி பண்ணு, நீ சரியாவாய்.

இந்தப் பாடம் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். மீதிப் பாதியைச் சொல்ல பெரிய தத்துவம் வேண்டாம். வீட்டு வாசலில் செய்யக்கூடிய ஒரு சின்ன பராமரிப்பு வேலை போதும். இரட்டை சிலிண்டர் வண்டிகளில் த்ராட்டில் பாடி சிங்க் பண்ணுவது.

2

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மேலே போக முடியாது.

எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்க்குள் நாணயம் மாதிரி ஒரு தகடு இருக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் அது திரும்பி வழி விடும். குழாயும் தகடும் சேர்ந்ததுதான் த்ராட்டில் பாடி. இரண்டு சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு தகடுகள். இரண்டையும் ஓர் இணைப்பு சேர்த்துப் பிடித்திருக்கும், நடுவே ஒரு சின்ன ஸ்க்ரூ. பிர்சிக்கின் ஹோண்டாவில் இதே இடத்தில் இரண்டு கார்புரேட்டர்கள்.

வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது தகடு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கும். ஒரு மயிரிழை இடைவெளி. பேச்சுக்கு, ஒரு பக்கம் 0.10 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 0.12 என்று வையுங்கள். வித்தியாசம் 0.02தான், ஆனால் விகிதத்தில் 20 சதவீதம். தகடு முழுக்கத் திறந்த பிறகு அதே 0.02 ஒன்றுமே இல்லை. அதனால்தான் சிங்க் போன வண்டி நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது சமர்த்தாக இருக்கும். சிக்னலில் நிற்கும்போதும், மெதுவாகக் கிளப்பும்போதும்தான் உதறும். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ஒரு பக்கத்துத் தகட்டின் நிலையை மட்டும் படித்து, மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி இரண்டுக்கும் ஒரே அளவு பெட்ரோல் தரும். எங்கள் துறையில் சொன்னால், இரண்டு சர்வரில் ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு இரண்டும் நலம் என்று அறிக்கை அனுப்புவது.

ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று பார்க்க, குழாய்களில் ரப்பர் மூடி போட்ட சின்னத் துளைகள் உண்டு. அவற்றில் கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் கருவிகள் இருக்கின்றன. இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் டியூப் போதும். பலகையில் யு வடிவில் நீளமாக மடித்து அடித்து, பாதி அளவுக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, ஒரு முனையை இடது பக்கத்திலும் மறுமுனையை வலது பக்கத்திலும் மாட்டினால் முடிந்தது. எந்தப் பக்கம் அதிகம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை ஸ்க்ரூவைத் திருக வேண்டும்.

ஊரில் கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற தண்ணி டியூப்தான் இது. என் அம்மா வீடு மரக்காணத்துக்குப் பக்கத்தில். அங்கே திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம்தான் இந்த டியூபை முதலில் பார்த்தேன். அதற்கு முன் சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில், “ட்வின் இப்படித்தான் சார் இருக்கும்” என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

“தண்ணி ஊத்தலாமாண்ணே?”

“ஆயில்தான் ஊத்தணும் தம்பி. ஒரு பக்கம் ரொம்ப இழுத்துச்சுன்னா டியூப்ல இருக்கிறது இன்ஜினுக்குள்ள போயிரும். ஆயில்னா புகையோட போச்சு. தண்ணி போனா இன்ஜினே போச்சு.”

டியூபின் இரண்டு முனைகளிலும் பழைய கார்புரேட்டர் ஜெட்டைச் செருகியிருந்தார். 1,200 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 10 தடவை இழுக்கும். அந்தத் துடிப்பில் ஆயில் குதித்துக்கொண்டே இருந்தால் மட்டம் பார்க்க முடியாது. ஜெட்டின் ஊசித்துளை அதை அடக்கிவிடுகிறது. டேப்பட் இடைவெளி பார்க்காமல் ஸ்க்ரூவில் கை வைக்கக் கூடாது என்றார். எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும், முன்னால் ஒரு டேபிள் ஃபேன் ஓட வேண்டும். நின்ற இடத்திலேயே ஓடும் வண்டிக்கு வேறு காற்று கிடையாது, நமக்கும் புகை ஆகாது.

நான் அவரிடம் கேட்டேன்: “எவ்வளவு இழுக்கணும்ணே? கணக்கு ஏதாச்சும் இருக்கா?”

“ரெண்டும் ஒண்ணா இழுக்கணும். எவ்ளோன்றது அப்புறம்.”

நான் படித்த எந்தப் பராமரிப்பு நூலைவிடவும் இந்த வாக்கியம் துல்லியமானது. சிங்க் பண்ணும்போது ஒரு சிலிண்டரை அப்படியே விட்டுவிட வேண்டும், அது அளவுகோல். மற்றதை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். இரண்டும் சமமான பிறகுதான் ஐட்லிங் வேகத்தை மொத்தமாகக் கூட்டுவதும் குறைப்பதும். தனியாக எடுத்தால் எந்த சிலிண்டரும் கெட்டதில்லை. பிளக்கை மாற்றினாலும் ஃபில்டரைக் கழுவினாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு எந்த உறுப்பிலும் இல்லை. இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பழைய கருவிகளில் பாதரசம் இருக்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அதில் 1 மில்லிமீட்டர் ஏறுகிற வித்தியாசம், தண்ணீரைவிடவும் லேசான ஆயிலில் ஒன்றரை சென்டிமீட்டராகக் கண்ணுக்குத் தெரியும். ஒப்பிடுவது மட்டுமே வேலை என்றால் கொத்தனார் டியூப் அந்தக் கருவியைவிடக் கூர்மையானது.

சரி, காது? நல்ல மெக்கானிக்குக்குக் காதே போதும் என்று ஒரு ரொமான்டிக் நம்பிக்கை உண்டு. ராயல் என்ஃபீல்டின் 650 வண்டிகள் 2017 நவம்பரில் மிலானில் அறிமுகமாகி, அடுத்த வருடம் நம் சாலைக்கு வந்தன. இரட்டை சிலிண்டர் நம்மில் பலருக்கு எட்டும் விலைக்கு வந்தது அப்போதுதான். அவற்றின் கிராங்க் 270 டிகிரி. ஒரு சிலிண்டர் எரிந்து 270 டிகிரி கழித்து அடுத்தது, அதன்பிறகு 450 டிகிரி கழித்துத்தான் மறுபடி முதலாவது. அந்த நொண்டி நடைத் தாளம் வேண்டுமென்றே வைத்தது, அதன் அழகே அதுதான். பிறவியிலேயே நொண்டியடிக்கும் தாளத்தில் சிங்க் போன நொண்டலைக் காதால் பிரித்தெடுப்பது கடினம். டியூப் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

3

இப்போது நாவலுக்குத் திரும்புகிறேன்.

பிர்சிக் அளவை இகழ்ந்தவர் இல்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அவர் எழுதிய பக்கங்கள் அபாரமானவை. உலோகத்துக்கும் ஒரு நெகிழ்வு உண்டு, விரலால் இறுக்கியதற்கும் மரை அழிய இறுக்கியதற்கும் நடுவே கைக்குத் தெரியும் ஓர் எல்லை உண்டு என்று சொல்கிறவர் வேலை தெரிந்தவர். நண்பர் ஜானின் பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் நழுவும்போது, பீர் கேனின் அலுமினியத்தை வெட்டி இடையில் செருகலாம் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு முகம் சுண்டிப்போகிறது. அவ்வளவு விலை கொடுத்த வண்டிக்குப் பீர் கேனா? கதைசொல்லிக்கு அது ஒரு தகடு, ஜானுக்கு அது குப்பை. ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு உலகங்களிலிருந்து பார்ப்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

பக்தர்கள் இந்தக் காட்சியை வாசித்துவிட்டு கதைசொல்லியின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் காட்சியில் நடப்பதை இன்னொரு தடவை பாருங்கள். கதைசொல்லியின் தீர்வு நூற்றுக்கு நூறு சரி, ஹேண்டில்பார் நழுவிக்கொண்டேதான் இருக்கிறது. தகடு பொருந்தும். மனிதர்கள் பொருந்தவில்லை. கடைசியில் போஸ்மனிலேயே நண்பர்கள் பிரிந்துவிடுகிறார்கள்.

பின்சீட்டில் கிறிஸ் இருக்கிறான். பதினொரு வயது. அடிக்கடி வயிற்றுவலி. டாக்டர்கள் மனநோயின் தொடக்கமோ என்று சந்தேகப்படுகிறார்கள். அப்பாவோ டேப்பட் சத்தத்தைக் கேட்கிறார், பிளக்கில் படிந்த கரியை வாசிக்கிறார், மலை ஏறினால் காற்று மெலிகிறது என்று கணக்குப் போடுகிறார். மகன் அழும்போது மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் குளிர்ந்துபோகிறார். இரண்டாயிரம் மைல் தூரம் அந்தப் பையன் பார்த்ததெல்லாம் அப்பாவின் முதுகு. கலிஃபோர்னியாக் கரையில், நாவல் முடியும் இடத்தில், தன் பழைய பைத்தியக்கார நாட்களைப் பற்றி மகன் கேட்கும் கேள்விக்கு அப்பா முதல்முறையாக நேராகப் பதில் சொல்கிறார். இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று அப்பாவின் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கிறான் கிறிஸ்.

இதுதான் அந்த நாவலில் நடக்கும் சிங்க். நாவல் முழுக்க வண்டி நன்றாக ஓடுகிறது. உதறிக்கொண்டிருந்தது அதன் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு நடுவில். இருவரில் யாரையும் தனியாகச் சரிபண்ணித் தீர்க்க முடியாத கோளாறு. எஞ்சினைத் தன் மனத்தின் உருவமாகப் பார்க்கும் கதைசொல்லியால் இதைக் கடைசி வரை பார்க்க முடியவில்லை. ஆனால் நாவலாசிரியர் பார்த்திருக்கிறார். அதனால்தான் முடிவை மெக்கானிக்கின் கையில் தராமல் பையனின் கண்ணில் தருகிறார். 1979-ல் கிறிஸ் சான் பிரான்சிஸ்கோவில் கொலையுண்டான். பின்னர் வந்த பதிப்பில் பிர்சிக் ஒரு பின்னுரை சேர்த்து அவன் மரணத்தை எழுதினார். அதைப் படித்தபிறகும் இதைத் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் கலைக்கான கையேடு என்று ஒருவர் சொன்னால், அவர் முன்சீட்டிலிருந்து மட்டுமே வாசித்திருக்கிறார்.

4

பிர்சிக் காசி இந்து பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். தெற்கே வந்து உப்பு வண்டிகளைப் படித்திருந்தால் குரங்கோடு நின்றிருக்க மாட்டார்.

சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் வழியில் வரும் நெய்தல் ஊர் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எந்தக் கரையில் உப்பு விளைந்தாலும், உள்நாட்டுக்கு அதைக் கொண்டுபோனவர்கள் உமணர்கள். எருது பூட்டிய வண்டிகள் வரிசையாகப் போகும். குடும்பமே கூடப் போகும். அந்தச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் போன் பண்ண ஆள் கிடையாது. தானே செய்யும் பராமரிப்பு அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் இவர்களைப் பார்க்கிறார். எருதுகள் இளசு, நுகம் இன்னும் பழகவில்லை. வண்டியிலோ பாரம் அதிகம். வழி பள்ளத்தில் இறங்குமா மேட்டில் ஏறுமா, யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சேமஅச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேமஅச்சு என்கிறார் ஔவை.

பட்டறை அண்ணனின் வாக்கியத்தைக் கேட்ட பிறகு இந்தப் பாட்டின் முதல் கவலை எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. பாரத்துக்கும் மேடுபள்ளத்துக்கும் முன்னால் ஔவை சொல்வது நுகத்தை. பழகாத எருதுகள் என்றால் பலம் இல்லாதவை என்று பொருள் இல்லை. ஒன்று இழுக்கும்போது மற்றது தயங்கும். ஒன்று விலகும்போது மற்றது முட்டும். அந்த ஏற்றத்தாழ்வு நுகத்தோடு நிற்காது. வண்டி முழுக்க இறங்கி, கடைசியில் அச்சில் போய் முறியும். அச்சு முறிவதற்குக் காரணம் அச்சில் இல்லை என்று தெரிந்தவர்கள்தான் கூடுதல் அச்சோடு கிளம்புகிறார்கள்.

இரண்டாவது, ஒரு தலைவனைப் புகழ வந்த பாட்டு அவனை வண்டிக்கு அடியில் கட்டுகிறது. தூசியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், எல்லாம் நன்றாகப் போனால் ஒருபோதும் தேவைப்படாத ஒரு மரத்துண்டாக. தேர், யானை, கொடி எல்லாம் இருக்க, ஔவைக்குக் கிடைத்த உவமை ஒரு ஸ்பேர் பார்ட். அதிலும் அவன் மகன். அப்பா ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளியே தெரியாதவன். முன்னால் ஓட்டுகிறவர் பார்க்காத இடத்தில் வண்டியின் உயிர் இருக்கிறது என்பதை அவள் ஒரே உவமையில் சொல்லிவிட்டாள். அங்கே வந்துசேர பிர்சிக்குக் கலிஃபோர்னியா வரை போக வேண்டியிருந்தது.

குரங்கும் இங்கே உண்டு. அதே சிறுபாணாற்றுப்படையில், கொற்கைப் பக்கம், உமணர் வண்டிகளோடு அவர்கள் பிள்ளை மாதிரியே வந்த ஒரு மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தை வைத்து மூடி, உமணர் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. பிர்சிக்கின் குரங்கு ஓட்டுக்குள் இருக்கும் அரிசியைப் பிடித்துக்கொண்டு சாகிறது. சங்கக் குரங்கு ஓட்டுக்குள் தானே முத்தைப் போட்டுக் குலுக்குகிறது, பக்கத்தில் குழந்தைகள் இருக்கின்றன. ஓடும் உள்ளே ஒரு பொருளும் இரண்டிலும் உண்டு. பிர்சிக்கின் கதையில் குரங்கு தனியாக இருக்கிறது, நம் பாட்டில் கூட ஆள் இருக்கிறது.

5

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. உப்பு வண்டியைப் பாடியதோடு நிறுத்தினால் நானும் அம்பாரத்துக்கு முன்னால் படம் எடுத்தவனாகிவிடுவேன்.

மழைக்காலம் முடிந்ததும் அளத்தில் முதல் வேலை பாத்தி மிதிப்பது. மழையில் குலைந்த தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி மட்டப்படுத்துகிறார்கள். தரை ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பக்கம் தண்ணீர் ஆழமாக நிற்கும், உப்பு ஒரே சீராக இறங்காது. அதன்பிறகு கடல்நீர் சுமார் 3 டிகிரி போமே அடர்த்தியில் உள்ளே வந்து, தேக்கம் தேக்கமாக நகர்ந்து, 25 டிகிரிக்குப் பக்கத்தில் உப்பாக இறங்கத் தொடங்கும். 29-ஐ நெருங்கும் முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். பிறகு வாருபலகையால் வாரி, கரையில் சேர்த்து, கூடையில் சுமக்க வேண்டும்.

பாத்தி மிதிப்பது பராமரிப்பு வேலை. வருஷா வருஷம் நடக்கிறது. மட்டம் பார்க்கிற வேலை. ஆனால் அதைக் கலை என்று யாரும் புத்தகம் போடவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை ஆயில் மட்டம் பார்த்தால் அது ஆன்ம சாதனை. பக்கத்தில் ஒரு அக்கா வெடித்த பாதத்தோடு சேற்று மட்டம் பார்த்தால் அது கூலி வேலை. இந்த வித்தியாசத்தைப் பராமரிப்பு இலக்கியம் தொடுவதே இல்லை. கிராஃபோர்ட் கைவேலையின் அறிவை மிக நன்றாக எழுதுகிறார். ஆனால் அவர் மெக்கானிக் தன் கடையின் முதலாளி. கைவிட்டு வெளியே போகும் சுதந்திரம் இல்லாத கைவேலை அவர் கண்ணாடிக்குள் சரியாக விழுவதில்லை.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இந்த இடத்தில் மறுமுனையைப் பிடிக்கிறது. தூத்துக்குடி அளங்களுக்கு நேரில் போய், தொழிலாளர்களோடு பழகி எழுதிய நாவல். பொன்னாச்சியும் அவளைச் சுற்றியிருப்பவர்களும் உப்பால் எப்படி அரிக்கப்படுகிறார்கள் என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. உப்பு நம் வண்டியின் ஸ்போக்கை அரிப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஒருமுறை அதைப் படிக்க வேண்டும். எனக்கு அதன் மேல் ஒரு குறையும் உண்டு. வேலையின் விவரங்கள் அதில் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் துன்பத்துக்குப் பின்னணியாகவே வருகின்றன. தண்ணீரைப் பார்த்தே பதம் சொல்லும் கண்ணும், மிதித்தே மட்டம் சொல்லும் காலும் ஒரு அறிவு என்று நாவல் நின்று சொல்வதில்லை. பிர்சிக்கிடம் அறிவு இருக்கிறது, கூலி இல்லை. ராஜம் கிருஷ்ணனிடம் கூலி இருக்கிறது, அறிவு பின்னால் நிற்கிறது. ஒரே வேலையின் இரண்டு சிலிண்டர்கள் இவை. நம் விமர்சனம் இரண்டையும் ஒரு டியூபில் மாட்டிப் பார்த்ததே இல்லை. உழைப்பு வந்தால் முற்போக்கு அலமாரி, கைத்திறன் வந்தால் ஆன்மிக அலமாரி என்று பிரித்து வைத்துவிட்டோம்.

பராமரிப்புக்கு நம்மிடம் இருந்த சொல்லையே எடுத்துப் பாருங்கள். மராமத்து. அதிலிருந்து குடிமராமத்து. ஏரியும் வாய்க்காலும் ஊர் சேர்ந்து தூர்வாருவது. ‘நீயே செய்’ என்ற கட்டளைக்கும் ‘சேர்ந்து செய்’ என்ற இந்தச் சொல்லுக்கும் நடுவே பெரிய தூரம். இதையும் பொற்காலமாக்க வேண்டாம். 1858-ல் பிரிட்டிஷார் இதற்காகக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் சேர்ந்து செய்தபோது மண்வெட்டி யார் கையில் இருந்தது, வரப்பில் யார் குடை பிடித்து நின்றார்கள் என்பது சாதி தெரிந்த எவருக்கும் தெரியும். சேர்ந்து இழுப்பது வேறு, சமமாக இழுப்பது வேறு. நுகம் மட்டும் போதாது, டியூபும் வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரியுங்கள். த்ராட்டில் பாடி சிங்க் ஒரு முழு காலைப் பொழுதுக்கு நல்ல வேலை. டியூபும் ஆயிலும் பெரிய செலவில்லை. வேலை முடிந்ததும் ரப்பர் மூடிகளை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துளை வழியாகக் காற்று புகுந்து பண்ணியதெல்லாம் வீண். அன்று மாலை வண்டி உதறாமல் நிற்கும்போது ஒரு சந்தோஷம் வரும், அது பொய்யில்லை. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு உங்களைப் பற்றி மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

டியூபைக் கடன் கேட்டால் கொத்தனார் கொடுப்பார். அவரிடம் அதை எப்படிப் பிடிப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு மட்டம் பார்க்கும்போது அவர் ஒரு முனையைச் சுவரில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் நிற்கும் ஆளிடம் “இன்னும் கொஞ்சம் ஏத்து, போதும், நிறுத்து” என்று சத்தம் கொடுப்பார். அந்த ஆள் பெரும்பாலும் சித்தாள், பெரும்பாலும் ஒரு பெண். கூலியில் அவளுக்குப் பாதியோ முக்காலோ. தண்ணீர் மட்டும் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நிற்கும்.